மூக்குக் காசு

அன்று காலை பால் இறக்கும் மேடையில் ஐந்து பேர் இருந்தோம். கேன் மூடியைத் திறந்ததும் முகர்ந்து பார்க்க என் அம்மா. கேன்களைத் தூக்கி வைக்க நேப்பாளி நண்பன். எடை பார்க்கச் சீன அக்கா, அவர்தான் எங்கள் சூப்பர்வைசர். மாதிரி எடுக்க லேப்பிலிருந்து நான். பிறகு, வேனோடு வந்து நின்ற மாட்டுக்கார மாமா. மேலாளர் இல்லை, ஜொகூர் பாருவில் ஏதோ கூட்டமென்று போயிருந்தார். அம்மாவின் மோப்பமும் அங்கே இல்லை. அது போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் நேப்பாளி நண்பனுக்கும்தான் அது தெரியும். மற்ற இருவருக்கும் தெரியாது.

கூலாயிலிருந்து பண்டார் தெங்காரா போகிற சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு மண்பாதையில் திரும்பினால் எங்கள் பால் ஃபேக்டரி வரும். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் சுற்றிப் பார்க்க வரும்போது அதன் வரலாற்றைச் சொல்வது என் வேலை. எங்கள் குடும்பத்தில் டிப்ளோமா வரை போன முதல் ஆள் நான். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பேசுவான் என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். எனக்கும் அது பிடிக்கும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டப்பா தயிர் கொடுத்து, குளிர்த்தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்துச் சொல்வேன்.

இங்கே ரப்பர் இருந்த காலத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு மாடாவது நிற்குமாம். காலையில் மரத்துப் பால், பொழுது சாய்ந்தால் மாட்டுப் பால். மரத்துப் பாலை வாங்கிக்கொள்ளத் தோட்ட நிர்வாகம் இருந்தது. மாட்டுப் பாலை வாங்க ஆளில்லை. வீட்டுக்குப் போக மிஞ்சியதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கூலாய்க்குப் போவார்கள். போய்ச் சேர்வதற்குள் பாதி திரிந்துவிடும். மாடு வைத்திருந்த சிலர் ஒன்றுசேர்ந்து கூலாயில் ஐஸ் கட்டி விற்ற ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், பேசினார்கள். அவர் ஐஸும் ஒரு தகரக் கொட்டகையும் கொடுத்தார். ஈயம் பூசிய தொட்டி ஒன்று, அதைச் சுற்றி ஐஸ் கட்டி, மேலே ஈரச் சாக்கு. ஃபேக்டரி என்பது முதலில் அவ்வளவுதான்.

அப்புறம் பாட்டில் வந்தது. பாட்டில் கழுவப் பெண்கள் வந்தார்கள். பாட்டில் போய் பிளாஸ்டிக் பை வந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது மாடுகள் செம்பனைக்கு அடியில் மேய்ந்தன. லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது மாட்டை விற்றுவிட்டு வரிசை வீடுகளுக்குக் குடிபோனவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் மாசாய்க்கும் சிங்கப்பூருக்கும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். தாய்மார்களில் பலர் பால் ஃபேக்டரிக்கு வந்தார்கள். அவர்களோடு பெல்டா குடியேற்றக் கிராமத்து மலாய்ப் பெண்களும், பிறகு நேப்பாளிகளும் சேர்ந்தார்கள். பையில் பால் விற்றுக் கட்டுப்படியாகாமல் போனபோது வாளித் தயிர் எங்களைக் காப்பாற்றியது. ஜொகூர் பாருவில் வாழை இலையில் சோறு போடும் கடைகள் பலவற்றில் நீங்கள் சாப்பிடும் தயிர் எங்களுடையது.

இதுவரைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். சொல்லாமல் விடுவது இரண்டு பழக்கங்களை. கொட்டகைக் காலத்தில் தொடங்கியவை, ஃபேக்டரி இரண்டு முறை கைமாறியும் போகாதவை.

ஒன்று மூக்குக் காசு. மேடையில் முகர்ந்து பார்க்கிறவருக்குச் சம்பளத்துக்கு மேல் மாதா மாதம் தருகிற சின்னத் தொகை அது. எந்த மெஷின் வந்தாலும், கெட்ட பால் தொட்டிக்குள் இறங்குமுன் அதைப் பிடிப்பது ஒரு மூக்குதான். பாலை முகர்வது இல்லை. மூடியைத் தூக்கியவுடன் அதன் உட்புறத்தை முகர வேண்டும். ராத்திரி முழுக்கப் பாலிலிருந்து எழுந்த வாசனை அங்கேதான் தங்கியிருக்கும். ஓரிரு நொடியில் அது கலைந்துவிடும்.

இன்னொன்று, பாலைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது என்பது. ஒருவருடைய கவனக்குறைவால் கெட்டுப்போனால், பால் விலையை அவர் கட்டிவிட்டு அதை எடுத்துப்போக வேண்டும். பன்றிக்கு ஊற்றுவாரோ கோவா கிண்டுவாரோ, அவர் பாடு. தண்டனை என்று இதை யாரும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் மாட்டுக்காரர்களுக்குள் சண்டை வராமல் இருக்க அவர்களே பேசிவைத்துக்கொண்டது.

அம்மா வாளி கழுவும் பிரிவில் சேர்ந்து, பிறகு மேடைக்கு வந்தவர். ஒருநாள் மேடைப் பக்கமாகப் போகும்போது, "அந்த மூணாவது கேன்ல மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குதே" என்று சும்மா சொல்லியிருக்கிறார். இரண்டடி தள்ளி நின்றபடி. அடுத்த வாரமே அங்கே மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவின் உடம்பு ஃபேக்டரியின் உடம்பாகிவிட்டது. வேலைநாளில் தலைக்கு எண்ணெய் கிடையாது. பவுடர் கிடையாது. பூ கிடையவே கிடையாது. வேலைக்குப் போகுமுன் உப்பு மட்டும் போட்ட கஞ்சி. வெங்காயம் உரிப்பது என்னுடைய வேலையாக இருந்தது. ஜொகூரில் வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்த காலத்தில் அன்று ஒருநாள்தான் அம்மா மல்லிகை வைத்துக்கொண்டு கோயிலுக்கு வருவார். பூ வைத்த அம்மாவைப் பார்த்தால் அன்று பள்ளி இல்லை என்று எனக்குத் தெரியும்.

என் பஸ் காசு, புத்தகம், பாலிடெக்னிக் விடுதி எல்லாம் அந்த மூக்குக் காசில் நடந்தன. "எம் மூக்கப் பிடிச்சிக்கிட்டே படிச்சவன்டா நீ" என்று இப்போதும் சொல்வார்.

ஊரெல்லாம் வந்த காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. எனக்கு நான்கு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல் போனது, இருமல் போனது, மோப்பம் மட்டும் திரும்பவில்லை. முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தார்கள். அந்த நேரத்தில் எப்போதும் ஜன்னலை அடித்துச் சாத்துகிற அம்மா அன்று சும்மா உட்கார்ந்து டிவி பார்த்தார். அப்புறம் எங்கள் வீட்டு ரசம் அடிப்பிடித்துக் கருகியது. அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தார்.

"ஏம்மா, தீயுதும்மா!"

அம்மா சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அவ்வளவுதான்.

மேடையை விட்டால் மறுபடியும் வாளி கழுவும் பிரிவுக்குத்தான் போக வேண்டும். எட்டு மணி நேரம் ஈரத்தில் நிற்க அம்மாவின் முட்டி தாங்காது. அது ஒரு காரணம். மாட்டுக்காரர்கள் எல்லாரும் அம்மாவை 'மூக்குக்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். படிக்காத எங்கள் அம்மாவுக்கு ஊர் கொடுத்த பட்டம் அது ஒன்றுதான்.

அம்மாவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். நேப்பாளி நண்பனுக்கு நல்ல மூக்கு. புதிதாக வந்தபோது சட்டையெல்லாம் சென்ட் அடித்துக்கொண்டு வருவான். அந்தப் புட்டியை முதல் நாளே பிடுங்கி வைத்துக்கொண்டவர் அம்மாதான். இப்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கேனைத் தூக்க அவன் எப்படியும் குனிய வேண்டும். அம்மா மூடியைத் திறந்து வழக்கம்போல் முகர்கிற மாதிரி செய்வார், மூடியை அவன் பக்கம் சற்றுச் சாய்ப்பார். நல்ல பால் என்றால் கேனில் ஒரு தட்டு. கெட்டது என்றால் இரண்டு தட்டு. மூக்குக் காசில் பாதி அவனுக்கு, மதியச் சாப்பாடும் எங்கள் வீட்டிலிருந்து. ஐந்து மாதத்தில் ஒரு கேன்கூடத் தப்பிப் போகவில்லை. புளித்ததையும் மாட்டு மருந்து வாடை அடித்ததையும் சரியாக இரண்டு தட்டு தட்டி நிறுத்தினான். அம்மா அவனுக்கு மீன் தலை அதிகமாக வைப்பார்.

பிறகு டுரியான் காலம் வந்தது.

அந்த வருடம் நல்ல விளைச்சல். சாலை முழுக்கக் கடைகள். முந்தின நாள் சாயந்திரம் எங்கள் ஆட்களே வேலி ஓரமாக உட்கார்ந்து இரண்டு கூடை டுரியான் தின்றிருந்தோம். ஓடுகள் மேடைக்குப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் வழிந்துகொண்டு கிடந்தன. காற்று, லாரி, எங்கள் விரல் எல்லாவற்றிலும் டுரியான்.

மாமாவின் வேன் வந்தது. அவருக்குப் பன்னிரண்டு மாடு. அவரைப் போன்ற ஆட்களுக்கு ஃபேக்டரியே ஆளுக்கொரு பெரிய குளிர்ப்பெட்டி கொடுத்திருக்கிறது, ராத்திரிப் பாலைக் கேனோடு வைத்துக் காலையில் கொண்டுவர.

"என்னா மூக்குக்காரம்மா, இன்னிக்கு எம் மாடு சென்ட் போட்டுட்டு வந்திருக்கு. மோந்து பாரு."

"மாட்டுக்கு அப்புறம் போடலாம் அண்ணே. மொதல்ல நீ குளிச்சிட்டு வா."

"பாத்தியா தம்பி, உங்கம்மா வாய?" என்று என்னிடம் முறையிட்டார்.

சீன அக்கா தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர், எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். "சண்டைய அப்புறம் போடுங்க லா. மாசாய் கோயில் தயிர் இன்னிக்கு ஊத்தணும்."

மாசாய்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. அன்னதானத்துக்கு முப்பது வாளி கேட்டிருந்தார்கள். அம்மா மூடியைத் திறந்தார், குனிந்தார், சாய்த்தார். நேப்பாளி நண்பன் ஒரு கணம் நின்றான். பிறகு ஒரு தட்டு. அடுத்த கேனுக்கும் ஒரு தட்டு. நான் மாதிரி எடுத்துக்கொண்டு லேப்புக்குப் போனேன். கொழுப்பு சரி, அடர்த்தி சரி, புளிப்பு இல்லை, மருந்து கலப்பு இல்லை. பாஸ் என்று கையெழுத்துப் போட்டேன். பால் சூடாகி, ஆறி, உறை குத்தி, முப்பது வாளியாகச் சூட்டறைக்குள் போனது.

மறுநாள் காலை சீன அக்கா ஒரு வாளியைத் திறந்தார்.

"அலமாக்! யாருலா டுரியான் தின்னுட்டு உள்ள வந்தது?"

தயிர் அறைக்குள் தின்பது பெரிய குற்றம். அங்கே நின்ற எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். "ஊது" என்றார். ரோட்டில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்வது போல ஒவ்வொருவராக ஊதினோம். தயிர் லாரி ஓட்டும் மலாய்க்காரர், நாங்கள் அபாங் என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவர், அப்போதுதான் உள்ளே வந்தார். எதற்கென்று தெரியாமலே அவரும் வரிசையில் நின்று ஊதினார். யார் வாயிலும் குற்றம் இல்லை. அக்கா இரண்டாவது வாளியைத் திறந்தார். மூன்றாவதையும் திறந்தார். எனக்கும் அப்போது வாசனை வந்தது. லேசாகத்தான், ஆனால் சந்தேகமே இல்லை. தயிருக்குள்ளிருந்தே வந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா கதவருகில் நின்றார். அன்றைய பால் இறங்கி முடிந்ததென்று சொல்ல வந்தவர். பின்னால் நேப்பாளி நண்பன்.

"நல்ல நேரத்துக்கு வந்த தங்கச்சி" என்றார் சீன அக்கா. "நீ வா. இது பால்லேர்ந்து வந்துச்சா, ரூம்லேர்ந்து வந்துச்சா? உன் மூக்கு சொல்லட்டும். யாரு என்னா சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

எல்லாரும் வழிவிட்டார்கள். அம்மா வாளிக்கு மேல் குனிந்தார். கதவருகே நேப்பாளி நண்பன் கதவுச் சட்டத்தில் விரலால் இரண்டு முறை தட்டினான். மெதுவாகத்தான். அம்மாவுக்கு அது கேட்டது என்று அவர் தோளிலேயே தெரிந்தது. பால்லேர்ந்துதான் அக்கா, நேத்து எனக்குச் சளி, அதான் கவனிக்கல என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

அம்மா நிமிர்ந்தார். "இதுல எதாச்சும் வாசன வருதா அக்கா?"

சீன அக்காவுக்குப் புரியவில்லை. "என்னா வருதாவா? கூலாய் வரைக்கும் வருது!"

"எனக்கு வரல. அஞ்சு மாசமா எதுவுமே வரல. அந்தக் காய்ச்சலோட போச்சு."

அக்கா வாளியை மூடினார்.

"அப்போ அஞ்சு மாசமா மேடையில யாரு மோந்தது?"

நேப்பாளி நண்பன் பள்ளிக்கூடத்தில் செய்வது போல் கையைத் தூக்கினான்.

"இவனா? இவன் மூக்கா?"

"நல்ல மூக்கு அக்கா" என்றார் அம்மா. "நேத்து ஒருநாள்தான் ஏமாந்துட்டான்."

அவன் தமிழும் மலாயும் கலந்து வேகமாகச் சொன்னான்: "அக்கா, ரோடு டுரியான். லோரி டுரியான். என் சட்டை டுரியான். பால் மட்டும் எப்படி வேற இருக்கும்? நான் நெனச்சேன், இந்த நாட்டுல இந்த மாசம் எல்லாம் இப்படித்தான்."

மலாய் அபாங்தான் முதலில் சிரித்தார். சீன அக்கா சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வாளி கழுவப் போகணும். முட்டி தாங்காது அக்கா."

"அது மட்டுமா?"

அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்தார். எங்கள் அம்மா அழுகிற ஆள் இல்லை. ஆனால் அந்தத் துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

பால் எப்படி டுரியான் ஆனது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. போனில் கேட்டபோது மாமா முதலில், "எம் மாடு டுரியான் தின்னிருக்குமோ?" என்றார். பிறகு நேரிலேயே வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இல்ல… அந்தக் குளிர்ப்பெட்டில கொஞ்சம் எடம் இருந்துச்சு. சிங்கப்பூர் கார்காரனுங்க உரிச்ச சுளையா கேக்குறானுங்க. பொட்டியில போட்டு ராத்திரி உள்ள வச்சேன். ரெண்டு பொட்டி மூடி சரியா ஒக்காரல போலருக்கு. கேன் மூடியும் கொஞ்சம் லூஸு."

"எத்தன பொட்டி அண்ணே?" என்றார் அம்மா.

"நாப்பது."

"நாப்பது பொட்டி டுரியான். நடுவுல ரெண்டு கேன் பாலு. பால எதுக்குக் கொண்டாந்த? டுரியானையே கொண்டாந்து எறக்கியிருக்கலாமே!"

அப்போது சீன அக்கா சிரித்தார். அம்மாவும் சிரித்தார்.

மத்தியானம் மேலாளர் வந்தார். முழுதும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "கோயில் தயிர்?" அன்றைய பாலில் புதிதாக ஊற்றியாகிவிட்டது, நேரத்துக்குப் போய்விடும் என்றார் அக்கா. அப்படியானால் பழைய வழக்கப்படி செய்யுங்கள் என்றார் மேலாளர். அதாவது, பால் விலையைக் கட்டிவிட்டு முப்பது வாளியையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"நாந்தான் கட்டணும்" என்றார் மாமா. "என் மூக்கு" என்றான் நேப்பாளி நண்பன். "ரெண்டு பேரும் சும்மா இருங்க, மேடை என்னுது" என்றார் அம்மா. நான் பாஸ் போட்டவன், நானும் சேர்ந்தேன். சீன அக்கா கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு, "நானும் அங்கதான நின்னேன். எனக்கு மூக்கு இல்லியா?" என்றார். மேடையில் நின்ற ஐந்து பேரும் பங்குதாரர் ஆனோம்.

எழுபத்தைந்து கிலோ டுரியான் தயிரை என்ன செய்வது? பால் சுத்தமானது, தயிர் நன்றாக உறைந்தது, வாசனை மட்டும்தான் குற்றம். மோர்க்குழம்பு வைக்கலாம் என்று மாமா சொன்னதும் அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் அப்புறம் வாய் திறக்கவில்லை. வழி சொன்னவர் மலாய் அபாங். ஒரு கரண்டி எடுத்துத் தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "இது தெம்போயாக்குக்குத் தம்பி முறை லா. சீனி போடு. ஐஸ் போடு. குடிப்பாங்க." டுரியானை உப்புப் போட்டுப் புளிக்கவைத்துத் தெம்போயாக் என்று சோற்றோடு தின்கிற மலாய்க்காரர்களுக்கு டுரியான் தயிர் அதிசயமே இல்லை.

வாசனை அரைகுறையாக இருந்தால் கெட்டுப்போனது போல் இருக்கும், முழுசாக இருந்தால்தான் டுரியான் என்று நம்புவார்கள் என்றார் அம்மா. மோப்பம் இல்லாதவர் சொன்னது, ஆனால் சரி. மாமா தன் நாற்பது பெட்டியில் விற்காமல் மிஞ்சியதையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார். கூலாய் பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், அபாங்கின் மச்சானுக்கு ஓர் இடம் இருந்தது. இரண்டு வாரம், வாரத்துக்கு ஒரு நாள் என்று பேசினோம். வாளிகள் ஃபேக்டரிக் குளிரறையில் இருக்கலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

முதல் நாள் ஒரு மணி நேரம் ஒருவரும் வரவில்லை. 'லஸ்ஸி டுரியான்' என்று அட்டையில் மலாயில் நான் எழுதியிருந்தேன். எழுத்து அழகாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் பக்கத்துக் கடையில் கரும்புச்சாறு வாங்கினார்கள். பொறுத்துப் பார்த்த சீன அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் கூவத் தொடங்கினார். மேடையில் எங்களைத் திட்டுகிற அதே குரல். ஒரு மலாய் அம்மா பேரப்பிள்ளைகளோடு நின்று ஒரு கப் வாங்கினார். உறிஞ்சினார். பிள்ளைகளைப் பார்த்தார். இன்னும் மூன்று வாங்கினார்.

அதற்குப் பிறகு நேப்பாளி நண்பனுக்கு ஐஸ் உடைத்துக் கை ஓயவில்லை. அம்மா கலக்கி ஊற்றினார். ஒவ்வொரு கப்பையும் நீட்டிவிட்டு, வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து, "வாங்ஙி?" என்று கேட்டார். மணக்கிறதா என்று மலாயில். மலாய்க்காரர்கள், "வாங்ஙி, மாச்சிக்" என்று அத்தை முறை வைத்துச் சொன்னார்கள். தமிழர்கள், "கும்முனு இருக்கு அக்கா" என்றார்கள். சிங்கப்பூரில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய ஒரு பையன் மூக்கை மூடிக்கொண்டு, "தூரத்துலயே அடிக்குது லா" என்று சொல்லிவிட்டு இரண்டு கப் வாங்கினான். ஒவ்வொரு பதிலுக்கும் அம்மா தலையாட்டிக்கொண்டார். ஐந்து மாதமாகத் தனக்குள் மறைத்து வைத்திருந்ததை இப்போது போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். எல்லாரும் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வரும்போது காரில் கேட்டேன், "அன்னிக்கு ஏம்மா மறைக்காம சொல்லிட்ட? அவன்தான் ரெண்டு தட்டு தட்டினானே."

"யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன், உன் மூக்குதான்னு அக்கா சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிடா பொய் சொல்றது?" கொஞ்ச தூரம் போன பிறகு, "மூக்குக்காரம்மா போயிடுவாளேன்னுதான் அஞ்சு மாசம் சொல்லாம இருந்தேன்" என்றார். "போனா போறா. இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தா."

மூக்குக்காரம்மா மேடையை விட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. அதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை, அம்மாவுக்கும் இல்லை. மூக்குக் காசு முழுதும் இப்போது நேப்பாளி நண்பனுக்கு. டுரியான் மாதத்தில் மட்டும் சீன அக்காவும் கூட நின்று முகர்கிறார். மேடைக்குப் பக்கத்தில் தின்னக்கூடாது என்று ஒரு பலகையும் வந்துவிட்டது. வாளி கழுவும் பிரிவுக்கு அம்மாவை அனுப்பவில்லை. வாசலில் வேன்கள் வந்து நிற்கும் இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. யார் வந்தார், எத்தனை கேன், குளிர்ப்பெட்டியில் வேறு என்ன வைத்தார் என்று கேட்டு உள்ளே விட ஓர் ஆள் தேவைப்பட்டது. மாட்டுக்காரர்கள் எல்லாரையும் தெரிந்தவர், அவர்கள் சொல்கிற பொய்யும் தெரிந்தவர் என்று சீன அக்கா மேலாளரிடம் சொல்லி அம்மாவை அங்கே உட்காரவைத்தார். ஜன்னலுக்கு நாற்காலி உண்டு. மாட்டுக்காரர்கள் இன்னமும் மூக்குக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழகிவிட்டது அவர்களுக்கு.

ஜன்னலில் உட்கார்ந்த முதல் நாள் மாமா வேனை நிறுத்தி ஒரு பொட்டலத்தை நீட்டினார். கூலாய்ப் பூக்கடை மல்லிகைச் சரம்.

"இனிமே வைக்கலாம்ல?"

அம்மா வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டார். வேலைநாளில் தலையில் பூவோடு அம்மாவைப் பார்க்க எனக்கு அன்று ஏதோ விடுமுறை மாதிரி இருந்தது.

"ஒனக்குத்தான் மணம் தெரியாதே" என்றேன்.

"வர்றவங்களுக்குத் தெரியுமில்ல."

மேடையிலிருந்து நேப்பாளி நண்பனின் குரல் வந்தது. "ஆன்ட்டி! பூ வாசம் இங்க வரைக்கும் வருது! எனக்கு வேலை செய்ய முடியல! ஜன்னல சாத்துங்க!"

அம்மா சிரித்துக்கொண்டே ஜன்னலைப் பாதி சாத்தினார். சட்டைச் சென்ட் புட்டியை முன்பு யார் பிடுங்கினார்கள் என்பது இரண்டு பேருக்கும் நினைவிருந்தது.

இரண்டாவது சந்தை முடிந்த மறுநாள் கேன்டீன் மேசையில் ஐந்து பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். லஸ்ஸி விற்ற காசிலிருந்து பால் விலை, சீனி, ஐஸ், கப், சந்தை இடம் எல்லாவற்றையும் கழித்தோம். மல்லிகைச் சரத்தையும் இதில் சேர்க்க வேண்டும் என்று மாமா அடம் பிடித்தார். சேர்த்தோம். கடைசியில் எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து ஆன நஷ்டம் நாற்பத்து மூன்று வெள்ளி இருபது காசு.